அம்மாவுக்கு விழுந்த மாலை

அறுபதுகளின் கடைசியில் எனக்கு ஆபீஸ் வேலை நிரந்தரமானது. மீன்கூடை சுமந்து என்னைப் படிக்கவைத்த அம்மாவுக்கு ஏதாவது செய்ய ஆசை. அவருடைய சின்ன போட்டோவைத் தாம்பரத்தில் ஒரு பெயின்டரிடம் கொடுத்து, பெரிய வண்ணப் படமாக வரையச் சொன்னேன். வேறொன்றும் சொல்லவில்லை.

வீட்டில் எல்லோர் முன்னாலும் காகிதத்தைப் பிரித்தேன். படத்தில் அம்மாவின் கழுத்தில் ரோஜா மாலை! இறந்தவர் படத்துக்குப் போடுவதுபோல. அக்கா அழுதேவிட்டாள்.

அம்மா படத்தைத் தூக்கிக்கொண்டு நேராகப் பெயின்டர் கடைக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

“இன்னாய்யா, நான் குத்துக்கல்லாட்டம் நின்னுகினு கீறேன், எனக்கு மாலை போட்டுட்டே?”

பெயின்டர் பதறி எழுந்தார். “மன்னிச்சுக்கோம்மா. இவ்ளோ பெரிய படம் செத்தவங்களுக்குத்தான் கேப்பாங்க. அழிச்சுடறேன்.”

“அழிக்காதே. போட்டது போட்டுட்டே, அத்தத் தங்கத்துல போடு!”

இரண்டே நாளில் ரோஜாப் பூக்கள் காசுமாலையாக மாறின. அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் அதன்பிறகு அம்மா விருந்தாளிகளிடம் பேசுவார்.

சில வருஷம் கழித்து மாமனாருக்கு இதேபோல் படம் வரையக் கொடுத்தேன். போட்டோவோடு மாமனாரையும் கூட்டிப்போய்ப் பெயின்டர் முன்னால் நிறுத்திவிட்டேன்.