செம்மறிகளுக்கு வைத்த விருந்து

சர்க்கரை கூடிவிட்டது, தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதால்தான் அந்தச் சுண்ணாம்பு மேட்டுக்கு முதலில் போனேன். தெற்கு லண்டனில் எங்கள் வீட்டிலிருந்து ஒரே பஸ். அங்கே சிலர் முள்மரங்களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். பாதுகாக்கப்பட்ட இடம் என்று பலகையும் நட்டுவிட்டு மரத்தை வெட்டுவதா? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே போய்க் கேட்டுவிட்டேன்.

பொறுப்பாக இருந்த வெள்ளைக்காரப் பெண் மண்ணைக் கொஞ்சம் தோண்டிக் காட்டினார். நாலு விரல் மண், அதற்குக் கீழே வெள்ளைச் சுண்ணாம்பு. தலைமுறை தலைமுறையாக ஆடு மேய்ந்த மேடு, மேய்ச்சல் நின்றதும் முள் மூடிவிட்டது என்றார். ஆடு கடித்துக் கடித்துப் புல் கட்டையாக இருந்தால்தான் சின்னப் பூச்செடிகளுக்கு வெயில் கிடைக்குமாம். சத்தில்லாத மண்தான் அவற்றுக்கு நல்லதாம். நான் நம்பவில்லை. ஆனாலும் மறுகிழமை கையுறை மாட்டிக்கொண்டு நானும் போய் நின்றேன். மூன்று குளிர்காலம் முதுகொடிய வெட்டி ஒரு சரிவைத் திறந்தோம்.

இலையுதிர்காலத்தில் அந்தச் சரிவில் பன்னிரண்டு செம்மறிகளை விட்டார்கள். கிழமைக்கு மூன்று நாள் போய் எண்ணுவதும், ஏதாவது நொண்டுகிறதா, வேலி சரியா என்று பார்ப்பதும் என் பொறுப்பு. யாரையும் வெறுங்கையோடு பார்க்கப் போய் எனக்குப் பழக்கமில்லை. தமிழ்க் கடையில் கழித்துப் போட்ட முட்டைக்கோவா இலைகளைப் பை நிறைய வாங்கிப் போனேன். மூன்றாம் தடவையே ஆடுகள் வேலிக் கதவான படலையடியில் எனக்காகக் காத்து நின்றன. பெருமை பிடிபடவில்லை.

மாத முடிவில் அந்தப் பொறுப்பாளர் பெண் வந்து பார்த்தார். படலையடி சேறாகக் கிடந்தது. சரிவில் புல் முழங்காலளவு நின்றது. என்னை எதிர்பார்த்தே ஆடுகள் மேய்ச்சலை விட்டிருந்தன. டிசம்பரில் வரும் நத்தார்ப் பண்டிகைக்குள் புல் கட்டையாகாவிட்டால் வருகிற கோடையில் பூ வராது என்றார். இலை கொடுக்காமல் இருக்க முடியாவிட்டால் சொல்லிவிடுங்கள், வேறு ஆளைப் பார்க்கிறேன் என்றும் சொன்னார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. எத்தனை பேருடைய மூன்று வருட உழைப்பு அது.

வீட்டில் சொன்னபோது மனைவி சிரிக்கவில்லை.

“அதுகளை மேயத்தானே விட்டிருக்கினம்? நீங்கள் விருந்து வைச்சுப் பழக்கிப்போட்டியள். இனி நீங்கள்தான் மனசைக் கல்லாக்க வேணும்.”

கல்லாக்கினேன். ஆடுகள் ஓடிவந்து சுற்றி நின்று கத்தின. ஒன்று என் ஜாக்கெட் பைக்குள் மூக்கை விட்டது. உண்மையைச் சொன்னால், அழுகை வந்தது. இரண்டு கிழமை இதே பாடு. பிறகு ஒருநாள் கிழட்டு ஆடு ஒன்று என்னை ஒருமுறை பார்த்துவிட்டுச் சரிவில் ஏறிப்போய்ப் புல்லைக் கடித்தது. மற்றவையும் அதன் பின்னால் போயின.

நத்தாருக்கு இரண்டு நாள் முன்பு கடைசியாக உயர்ந்து நின்ற புல்லும் கட்டையானது. ஜூன் மாதம் சரிவில் குந்தியிருந்து தேடினேன். கட்டைப் புல்லுக்குள் மூன்று ஆர்கிட் பூக்கள், ஒவ்வொன்றிலும் தேனீ உட்கார்ந்திருப்பது போன்ற இதழ். உடனே அந்தப் பொறுப்பாளர் பெண்ணுக்குப் போன் செய்தேன். செப்டம்பரில் மறுபடி ஆடுகள் வருகின்றன, எண்ணிப் பார்க்க நீங்கள்தான் வர வேண்டும் என்றார். வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அந்த மூன்று பூக்களையும் இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தேன்.