துண்டுக்கு வெளியே நின்றவர்

அந்தத் தரகரின் முகத்தை மறக்க நான் ஒருநாளும் முயன்றதில்லை. அத்தானின் குரல்கூட இப்போது சரியாக நினைவில்லை. ஆனால் தரகரின் மேலுதட்டில் வியர்வை அரும்பிய அந்த ஒரு முற்பகல், ஐம்பதை நெருங்கும் இந்த வயதிலும், கூப்பிட்டால் வந்து நிற்கிறது. நானும் அடிக்கடி கூப்பிடுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், ஸ்ரீரங்கத்தில் டாக்டர். அம்மா மண்டபம் சாலையில் வாடகை வீடு. வாசலில் ஒரு சின்னக் கறுப்புக் கார். மழையோ வெயிலோ, பிரசவம் என்று ஆள் வந்தால் அந்தக் கார் கொள்ளிடம் தாண்டிப் போய்விடும். ஒரு விடியற்காலையில் அத்தான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார், நெஞ்சைப் பிடித்தார், அக்காவின் கையிலேயே போய்விட்டார். முப்பது வயது அக்கா, ஐந்து வயதுப் பெண் குழந்தை, கொஞ்சம் நிலம், அந்தக் கார். மிச்சம் அவ்வளவுதான்.

துறையூரில் அத்தானின் அண்ணன் வீடு. "இங்கயே வந்து இருந்துக்கட்டும், அடுப்படிக்கும் ஒரு ஆள் வேணும்தானே" என்று அங்கிருந்து சொல்லி அனுப்பினார்கள். அதைக் கேட்ட அன்று அக்கா அழவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. சர்டிபிகேட்டைத் தேடி எடுத்தாள். இரண்டு வருஷம் டீச்சர் டிரெயினிங், அதுவரை வாடகைக்கும் சோற்றுக்கும் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். கார் அந்த விலைக்குப் போனால் ஸ்ரீரங்கம். போகாவிட்டால் துறையூர் அடுப்படி, ஆயுசு முழுக்க.

போகாமல் என்ன? புதுக் கார் வேண்டுமென்றால் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் அது. ஓடுகிற பழைய காருக்குத் திருச்சியில் எப்போதும் ஆள் உண்டு.

தரகர் காரியத்தன்றே வந்தார். மணப்பாறைச் சந்தையில் மாட்டுத் தரகு பார்த்தவர், பிறகு காருக்கு மாறினவர். தோளில் அதே சந்தைத் துண்டு. உள்ளே அத்தானின் படத்துக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தோம். அவர் வாசலில் குனிந்து, மாட்டுக்குப் பல் பார்க்கிற மாதிரி டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மகனின் டைபாய்டுக்கு இருபத்தொரு நாள் காசு வாங்காமல் வைத்தியம் பார்த்தவர் அத்தான்.

"ஆயிரத்து ஐந்நூறு. அதுவும் டாக்டர் முகத்துக்காக" என்றார்.

"தமாஷ் பண்றீங்களா?"

"தம்பி, ராசி இல்லாத வண்டின்னு ஊரே பேசுது. நான் என்ன பண்ணட்டும் சொல்லுங்க."

ஊர் பேசியது உண்மைதான். டாக்டர் ஓட்டும்போதே ஸ்டியரிங்மேல் சாய்ந்து இறந்தாராம். தில்லைநகர் வக்கீல் ஒருவர் வந்து பானெட்டைத் திறந்து பார்த்தார், திருப்தியாகச் சிரித்தார், தெருமுனை வெற்றிலைக் கடைக்குப் போனார், திரும்பவே இல்லை. பொன்மலையிலிருந்து வந்தவரும் அப்படித்தான். நான் அப்போது பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் கிளார்க். வெற்றிலைக் கடைக்காரனைத் தனியே பிடித்து உலுக்கினேன். "தரகர் சொன்னதைத்தான் நானும் சொன்னேன் சார்" என்றான். நாலு மாதம் இப்படிப் போனது. அக்கா தினமும் காரைத் துடைத்தாள்.

அக்கா நிலத்து நெல் கொள்ளிடத்துக்கு வடக்கே மண்ணச்சநல்லூர் மில்லில் அரைபட்டுக் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அரிசிக்கு ஏற்பாடு பண்ண சைக்கிளில் போனேன். மில்காரர் என்னை உட்காரவைத்து மோர் கொடுத்தார்.

"என்ன தம்பி, அக்கா இன்னும் மனசு இறங்கலையா? காருக்கு நாலாயிரத்துக்கு மேல கேக்கறாங்கன்னு தரகர் சொல்றார்."

டம்ளர் என் கையில் அப்படியே நின்றது.

நாலு வருஷம் முன்பு அத்தான் மில்காரரின் மனைவியைப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் வழியில், கொள்ளிடப் பாலத்தின் நடுவில், அந்தக் காரின் பின்சீட்டில்தான் அவருடைய ஒரே பையன் பிறந்தான். அதன்பிறகு மில் இரண்டானது. அவருக்கு அது கார் இல்லை, ராசி. அதை வாங்கியே ஆகவேண்டும். ஆனால் துக்க வீட்டில் வருஷம் திரும்புவதற்குள் நேரில் போய் விலை பேசுவது அவர்கள் பக்கத்து வழக்கமில்லை. அதனால் நாலாயிரம் என்று சொல்லி, தரகரிடம் ஐம்பது ரூபாய் முன்பணம் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

ஒரே கார். பாலத்துக்கு வடக்கே ராசி, பாலத்துக்குத் தெற்கே சாவு. நடுவில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு ஆள்.

நான் மில்காரரிடம் வாயைத் திறக்கவில்லை. ரத்தம் கொதித்த வேகத்தில் சைக்கிள் தானாகவே ஓடியது. அக்காவிடம் சொன்னேன். "நேராப் போய் முடிச்சுட்டு வாடா, போதும்" என்றாள். எனக்குப் போதவில்லை. தரகர் தன் கையாலேயே அந்தக் காரை அங்கே ஓட்டிக்கொண்டு போக வேண்டும். அவர் முகம் விழுவதை நான் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். அவ்வளவு பசி எனக்கு. அக்கா என்னையே பார்த்தாள். "சரி. நானும் வரேன்" என்றாள்.

ஆயிரத்து ஐந்நூறுக்குச் சம்மதம் என்று சொல்லி அனுப்பினேன். தரகர் குளித்து, சந்தனம் வைத்து, மாப்பிள்ளை மாதிரி வந்தார்.

"டோல்கேட் வரைக்கும் கடைசியா ஒருதரம் ஏறிட்டு வரணும்" என்றாள் அக்கா.

"அதுக்கென்னம்மா, உங்க வண்டி! ஏறுங்க."

நாலு மாதத்துக்குப் பிறகு அவள் வாசலைத் தாண்டித் தெருவில் போனது அன்றுதான். எதிர்வீட்டு ஜன்னல்கள் பார்த்தன, பார்க்கட்டும். கொள்ளிடத்தில் மணல் வெளுத்துக் கிடந்தது. டோல்கேட் வந்ததும் அக்கா, "அப்படியே மண்ணச்சநல்லூர் விடுங்க. மில்லுல என் அரிசி கிடக்கு" என்றாள்.

கார் ஒரு குலுங்கு குலுங்கியது.

"எந்த... எந்த மில்லும்மா? ரோடு சரியில்லையே."

"எங்க வீட்டுக்காரர் அர்த்தராத்திரியில ஓட்டின ரோடு. நீங்க பகல்ல ஓட்டமாட்டீங்களா?"

அவர் உதட்டுக்கு மேலே வியர்வை அரும்பியது. கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மில் வாசலில் காரைக் கண்டதும் மில்காரர் ஓடிவந்தார். "தரகரே, கொண்டாந்துட்டீரா!" என்று பானெட்டில் கைவைத்துத் தடவினார். பிறகு பின்சீட்டைப் பார்த்துக் கும்பிட்டார். "அம்மா, நீங்களே வந்தீங்களா?"

"விலையை உங்க வாயால கேக்கணும்னு வந்தேன். இவர் ஆயிரத்து ஐந்நூறு சொல்றார்."

"ஆயிரத்து ஐந்நூறா? நாலாயிரம்னு சொல்லி அனுப்பி மூணு மாசம் ஆச்சே! ஏய்யா?"

"இல்ல முதலாளி, அது வந்து, வியாபாரம்னா முன்னப்பின்ன..."

மில் ஆட்கள் கூடிவிட்டார்கள். "தரகு ரெண்டாயிரத்து ஐந்நூறா? நானும் மூட்டையைப் போட்டுட்டு வரேங்க" என்றான் ஒருவன். சிரிப்பு. அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். அக்கா என் சட்டையைப் பிடித்து, "போதும்டா" என்றாள்.

நான் நிறுத்தவில்லை. "இன்னும் இருக்கே தரகரே! டாக்டர் ஸ்டியரிங்மேலயே சாஞ்சு செத்தார், ராசியில்லாத வண்டின்னு ஊரெல்லாம் சொன்னீங்களே, முதலாளிகிட்டயும் சொல்லுங்க!"

மில்காரரின் கை பானெட்டிலிருந்து எடுபட்டது.

சிரிப்பு நின்றது. தரகர் நாலு மாதமாகத் தெற்கே ஊதியதை, நானே சுமந்து வந்து வடக்கே கொட்டிவிட்டேன். தரகர் தலைநிமிர்ந்து, "நான் சொல்லலைங்க. தம்பிதான் சொல்லுது" என்றார். அந்த நொடியில் அவரைக் கொன்றிருப்பேன்.

"அம்மா, நிஜமா?" என்றார் மில்காரர்.

"கட்டில்ல போனார். என் கையில" என்றாள் அக்கா.

அவர் அவளை நம்பினார். ஆனாலும் பையன் ஏறப்போகிற வண்டி. காதில் விழுந்துவிட்ட சொல்லைத் திரும்ப எடுக்க முடியுமா? தலையைச் சொறிந்துகொண்டு தரகரின் தோளிலிருந்தே துண்டை உருவினார். என் கைமேல் போட்டார். சந்தைப் பழக்கம்: துண்டுக்குள்ளே விரல்தான் பேசும், முதல் பிடி ஆயிரம், அடுத்த பிடி நூறு. நாலு விரலுக்காகக் கையை விரித்து வைத்திருந்தேன். மூன்றைத்தான் பிடித்தார். துறையூர்ப் புகை என் கண்ணில் ஏறியது. பிறகு ஐந்தையும் பிடித்தார், அதோடு இன்னும் இரண்டு.

மூவாயிரத்து எழுநூறு.

வாதாட எனக்கு முகமில்லை. தலையாட்டினேன். எத்தனையோ பேருடைய விலையைத் துண்டுக்குள் ஒளித்த அந்த மனிதர், துண்டுக்கு வெளியே நின்று, அது எத்தனை என்று தெரியாமல் எங்கள் முழங்கை அசைவதை எட்டிப் பார்த்தார்.

"வந்ததுக்காவது ஒரு கமிஷன்..." என்றார்.

"முன்பணம் ஐம்பதை இங்க வச்சுட்டு நடையைக் கட்டும்யா."

பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பணம் மடியில். "முந்நூறு ரூபாய் உன் வாய்க்குப் போச்சு" என்றாள். அடுத்த நிறுத்தத்தில் தரகர் ஏறினார். மில்லிலிருந்து அதுவரை நடந்திருக்கிறார். ஸ்ரீரங்கத்துக்கு அவருக்கும் அதே பஸ்தான். எங்களைக் கண்டதும் முதுகைக் காட்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

கண்டக்டர் வந்தார். அக்கா பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "மூணு டிக்கெட். அதோ, நின்னுட்டு வராரே, அவருக்கும் சேர்த்து. இன்னைக்கு எங்களுக்கு டிரைவரா வந்தாரு, கூலி கொடுக்கலை."

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்து அவரிடம் நீட்டினார். மறுத்தால் ஏன் என்று பஸ்ஸுக்கே சொல்ல வேண்டும். தரகர் திரும்பாமல், தோளுக்குப் பின்னால் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.