நடுத்தண்ணியில் நின்ற படகு

கச்சிராயபாளையம் பக்கம் அணையில் மீன் பிடிக்கும் ஒருவருடைய படகுக்கு லித்தியம் பேட்டரி மாட்டப் போயிருந்தேன். ஒடிசலான மனிதர். பேசும்போதெல்லாம் தண்ணீரையே பார்ப்பார். மோட்டாருக்கும் விளக்குக்கும் இருந்த பழைய பேட்டரிகளைக் கழற்றியதும் படகில் நிறைய இடம் கிடைத்தது.

“இது எடை கம்மிங்க. இன்னொரு ஆள் தாராளமா ஒக்காரலாம்” என்றேன்.

“என் பொஞ்சாதிதான் கூட வந்துகினு இருந்தா. அக்கரையில நெஞ்சுவலி வந்துச்சி. ஏத்திக்கினு வந்தேன், நடுத்தண்ணியில பேட்டரி நின்னுபோச்சி. துடுப்பு போட்டு கரைக்கு வர்றதுக்குள்ள போய்ட்டா.”

“இது அப்படி நிக்காதுங்க” என்றேன்.

தலையாட்டிவிட்டுத் தனியாகப் படகை எடுத்தார். நடுத்தண்ணியில் படகு நின்றது. பழுதோ என்று பதறிக் கூப்பிட்டேன். ஒன்றுமில்லை என்று கையை உயர்த்தினார். அவரேதான் நிறுத்தியிருந்தார். பொழுது சாயும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்ததும் கயிற்றை வாங்கிப் படகைக் கரையில் கட்டினேன். அங்கே மனைவியிடம் என்ன சொன்னாரோ.