கூலிங் மாமாவின் பென்குயின் வண்டி

என் அக்காவும் மாமாவும் கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். ஒரே நாளில் இரண்டு பேரும் லீவு போட்டது கிடையாது. இதில் யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன், எடுபடவில்லை.

மாமா ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவர். வெயில் ஏறியதும் ஊரில் உள்ள ஃப்ரிட்ஜ் எல்லாம் சொல்லி வைத்தாற்போல் ஒரே வாரத்தில் படுத்துக்கொள்ளும். மாமா தட்டில் கை வைத்தால் போன் அடிக்கும். தெருவில் அவருக்கு 'கூலிங்' என்று பேர். தொழிலால் வந்த பேர்தான், ஆனால் மனுஷனுக்குக் கோபமே வராது என்பதால் அப்படியே ஒட்டிக்கொண்டது. குளிர்காலத்தில் அவருக்கு வேலையே இருக்காது. கழற்றியதையே மறுபடி கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார்.

அக்காவுக்கு நேர் எதிர். அவள் பேக்கரியில் ரொட்டி போடுகிறவள். குளிர் வந்தால்தான் ஜனங்களுக்கு ரொட்டி ஞாபகம் வருகிறது, கேக் ஞாபகம் வருகிறது. தெரு இருட்டாக இருக்கும்போதே எழுந்து போய் மாவு பிசைய வேண்டும். ராத்திரி வேலை முடித்து வந்து மாமா போர்வையை இழுத்து மூடுகிற நேரம், அக்கா அதே போர்வையை உதறிவிட்டு எழுந்திருப்பாள். தலையணை ஆறுவதில்லை என்று நான் கிண்டல் செய்வேன். அக்கா சிரிப்பாள். மாமா சிரிக்க மாட்டார்.

நான் கார் சீட் கவர் தைக்கிறவன். என் கடையும் மாமாவின் பட்டறையும் பக்கத்துப் பக்கத்துக் கதவு. அதனால் அந்த வீட்டில் என்ன நடந்தாலும் எனக்குத் தெரியாமல் போகாது. தெரியாமல் போனால் நானே போய்க் கேட்டுவிடுவேன்.

போன குளிர்காலத்தின் நடுவில் பேக்கரி அடுப்பு விரிசல் விட்டது. உள்ளே செங்கல் ஒவ்வொன்றாகப் பெயர்ந்து விழ ஆரம்பித்ததும் முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். இந்த வாரம் எப்படியாவது ஒப்பேற்றிவிட்டு, வருகிற செவ்வாய்க்கிழமையிலிருந்து ஐந்து நாள் கடையை மூடிப் புது அடுப்பு பொருத்தப்போவதாகச் சொல்லிவிட்டார். அக்கா அன்றைக்குச் சாயங்காலம் என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். மாமாவும் அங்கேதான் இருந்தார். முழங்கை வரை மாவு காய்ந்து போயிருந்த கையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"எனக்கு ஒரே ஒரு ஆசைதான். விடிஞ்சு, வெளிச்சம் வந்து, அதுக்கப்புறம் கண்ணு முழிக்கணும். எனக்காக எந்த மாவும் காத்துக்கிட்டு இருக்கக் கூடாது."

"இவ்வளவுதானா? வீட்டுலயே தூங்கு," என்றேன்.

"வீட்டுல தூங்கினா அந்தத் தெரு சத்தத்துக்கே எந்திரிச்சு உக்காந்துருவேன்டா. பால் வண்டி வந்தா போதும், எனக்குக் கை தானா மாவு தேடும்."

மாமா எழுந்து பட்டறைக்குப் பின்பக்கம் போனார். அங்கே ஒரு வண்டி நின்றுகொண்டிருந்தது. மூடிப்போன ஐஸ்கிரீம் கம்பெனியின் வண்டி. இஞ்சின் நல்லாத்தான் இருந்தது. மாமா அதை உதிரி சாமான் போட்டு வைக்கிற அறையாக வைத்திருந்தார். ஒரு பக்கம் முழுக்க, கையில் கோன் ஐஸ் பிடித்த பென்குயின் ஒன்று பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். பென்குயினுக்கு ஏது பல் என்று அதை வரைந்தவனைத்தான் கேட்க வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து சாமான் இறக்குகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் மாமா வியர்த்து விறுவிறுத்துக்கொண்டு நிற்கிறார்.

"இதுலதான் போறோம்," என்றார்.

"இந்தக் குளிர்லயா? ஐஸ் பெட்டியிலயா?"

"மாப்பிள்ளை, உனக்கு விவரம் பத்தலை. ஐஸ் பெட்டின்னா என்ன? உள்ள இருக்கிறது வெளிய போகாது, வெளிய இருக்கிறது உள்ள வராது. இதைவிட வெதுவெதுப்பா ஒரு வீடு உனக்கு எவன் கட்டித் தருவான்?"

யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் பட்டது. சுவருக்குள்ளே உள்ளங்கை அகலத்துக்கு நுரைப்பலகை இருந்தது. ஆனாலும் மாமாவுக்குத் திருப்தி இல்லை. கதவு ரப்பரை மாற்றினார். ஆணி போன ஓட்டையை எல்லாம் பசை வைத்து அடைத்தார். உள்ளே ஒரு தாளைக் கொளுத்தி, புகை எங்காவது கசிகிறதா என்று வெளியே சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். வாழ்நாள் முழுக்கக் கசிவு தேடியவர் இல்லையா. கதவுக்கு உள்பக்கம் கைப்பிடியே இல்லை என்பதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஐஸ்கிரீமுக்குக் கதவைத் திறக்கிற அவசியம் இருந்ததில்லை. அக்காவுக்கு இருக்கும் அல்லவா. அதையும் பொருத்தினார்.

நான் மெத்தை தைத்தேன். பகலில் மடித்தால் சோபா, விரித்தால் கட்டில். கார் சீட்டுக்கு வைத்திருந்த நல்ல துணியை எடுத்துத் தைத்தேன். சும்மா சொல்லக் கூடாது, என் கையே எனக்குப் பிடித்துப் போனது.

பிரச்சினை வண்டியில் இல்லை, வழியில் இருந்தது. மாமா ஒரு பெரிய ஃப்ரிட்ஜ் அட்டைப்பெட்டியைப் பிரித்துச் சுவரில் சாத்தி, அதில் போகிற வழியைச் சாக்பீஸால் போட்டிருந்தார். மலை, அதற்கப்புறம் ஒரு கோட்டை, அருவி, இரண்டு ஊர்களில் அவருடைய பழைய சிநேகிதர்கள், கடற்கரை, திரும்பும்போது ஒரு ஏரி. ஐந்து நாளுக்கு ஏழு இடம். ரிப்பேருக்குப் போகிற மாதிரியே ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில் போகிற நேரம், கிளம்புகிற நேரம். அருவிக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கியிருந்தார்.

"அருவியில என்ன கம்பிரசர் போயிடுச்சா மாமா?" என்று கேட்டேன்.

"கிண்டல் பண்ணாதே. இருபது வருஷத்துக்கு அஞ்சு நாள்தான் கிடைச்சிருக்கு. ஒண்ணையும் விட மனசு வரலை."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். அப்புறம் கிண்டல் செய்ய எனக்கு மனசு வரவில்லை. அவர் அக்காவுக்கு ஊர் சுற்றிக் காட்டவில்லை, பாக்கியை எல்லாம் ஒரேயடியாகத் தீர்த்துவிடப் பார்க்கிறார்.

பேக்கரி மூடுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒத்திகை. பட்டறை வாசலிலேயே வண்டியை நிறுத்தி, மூன்று பேரும் உள்ளே ஏறியதும் மாமா பெருமையாகக் கதவைச் சாத்தினார். வெளிச் சத்தம் கத்தி வைத்து அறுத்த மாதிரி நின்றது. சின்ன அடுப்பில் அக்கா டீ போட்டாள். குளிர் என்பதே மறந்துபோனது. நான் ஸ்வெட்டரைக் கழற்றினேன். மாமா என்னைப் பார்த்து, எப்படி, என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினார். அந்த நேரம் பார்த்து அவர் மூக்கு நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

அண்ணாந்து பார்த்தோம். கூரை முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். சுவரில் கோடு கோடாக வழிந்தது. என் மெத்தையின் ஓரம் நனைந்து நிறம் மாறிக்கொண்டிருந்தது. எனக்குத் தலை லேசாகக் கனத்தது.

அக்கா எட்டி அடுப்பை அணைத்தாள். கதவைத் தள்ளித் திறந்துவிட்டு இறங்கி நின்று ஒரு மூச்சு இழுத்தாள்.

"மாவு உப்ப வைக்கிற பெட்டி இதே மாதிரிதான் இருக்கும். அதுக்கே மேல ஒரு ஓட்டை உண்டு. இல்லன்னா மாவு வேர்த்துப் போய் நாறிடும். மனுஷங்க மூச்சு விடுறோம், டீ போடுறோம். கூரையில ஓட்டை போடுங்க. இல்லன்னா நான் வரலை."

மாமாவின் முகம் சுருங்கிப் போனது. யாராவது அவருடைய குழந்தைக்கு மொட்டை போடச் சொன்ன மாதிரி வண்டியைத் தடவிக் கொடுத்தார்.

"ஓட்டை அடைக்கிறதுதான்மா என் பொழப்பு. ஒரு பொட்டு கூடக் கசியாத பெட்டி இது. இதுல போய்..."

"அந்த அட்டையிலயும் அப்படித்தான் போட்டு வெச்சிருக்கீங்க. மூச்சு விட நேரமில்லாம." அக்கா சுவரில் சாத்தியிருந்த அட்டையைக் காட்டினாள். "எனக்கு அருவி வேண்டாம், கோட்டை வேண்டாம். நான் கேட்டது தூக்கம்."

கூலிங்குக்குக் கோபம் வராது என்று சொன்னேன் அல்லவா, வருத்தம் வரும். அன்றைக்கு முழுக்க ஒரு துணியை வைத்துக்கொண்டு உள்சுவரைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் பேக்கரி முதலாளி ஒரு நல்ல செய்தி சொன்னார். அவருக்கு நல்ல செய்தி. புது அடுப்பு சீக்கிரமே வந்துவிட்டதாம், பொருத்துகிறவர்களும் கூடுதல் ஆட்களோடு வருகிறார்களாம். ஐந்து நாள் மூட வேண்டாம், இரண்டே நாள் போதும். செவ்வாயும் புதனும் லீவு, வியாழக்கிழமை இருட்டோடு வேலைக்கு வந்துவிட வேண்டும். அக்கா பட்டறைக்கு வந்து இதைச் சொன்னபோது நனைந்த மெத்தையைச் சரிசெய்துகொண்டிருந்த நான் ஊசியை வைத்துவிட்டேன். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த அடுப்பையே போய் உதைத்திருப்பேன்.

மாமா அட்டையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாளில் எதை வெட்டி எதை வைப்பது என்று அவர் உதடு கணக்குப் போட்டது. அப்புறம் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"சரி விடு. பென்குயின் மேல இன்னும் பெயிண்ட் அடிக்கலை, ஓட்டை வேற போடணும்ங்கிறே. அவசர அவசரமாப் போய் என்னத்தைப் பாக்கப் போறோம். அடுத்த வருஷம் நிதானமாப் போவோம்."

அக்கா கத்தியிருந்தால் பரவாயில்லை. அவள் கத்தவில்லை.

"அடுத்த வருஷம் அடுப்பு உடையாதுங்க. புது அடுப்பு," என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டுக் கையில் இருந்த மாவைச் சுரண்டிக்கொண்டு நின்றாள். பாவம், அவள் இதுவரை எங்களிடம் எதையும் கேட்டதில்லையே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் திரும்பி நின்று, வேண்டாத ஒரு துணியை மடித்தேன்.

திரும்பிப் பார்க்கும்போது மாமா ஏணியை எடுத்துக்கொண்டிருந்தார். வண்டியின் கூரை மேல் ஏறி, ஒரு சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வைத்து, சுற்றிப் பென்சிலால் கோடு போட்டார். கட்டிங் மெஷினைக் கையில் எடுத்ததும் ஒரு நிமிஷம் தயங்கினார்.

"மாப்பிள்ளை, நீ கொஞ்சம் அந்தப் பக்கம் பாரு," என்றார்.

பார்த்தேன். கிர்ரென்று தகரம் அறுபடுகிற சத்தமும் பின்னாலேயே மாமா 'ஐயோ, ஐயோ' என்று முனகுகிற சத்தமும் கேட்டன. நுரைத்தூள் பனி மாதிரி என் தலையில் கொட்டியது. பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றிலிருந்து கழற்றிய சின்ன விசிறியை அந்த ஓட்டையில் பொருத்தினார். காற்று உள்ளே வர, கதவுக்குக் கீழே இன்னொரு ஓட்டை. மழை இறங்காமல் இருக்க மேலே ஒரு மூடியைக் கவிழ்த்தார். சாயங்காலம் மறுபடி டீ போட்டுப் பார்த்தோம். கூரை காய்ந்தே இருந்தது. கொஞ்சம் குளிர் உள்ளே வரத்தான் செய்தது. அக்கா இன்னொரு போர்வையை எடுத்து வைத்தாள், வேலை முடிந்தது.

அப்புறம் மாமா அட்டையைத் திருப்பி, எழுதாத பக்கத்தில் ஒரே ஒரு கோடு போட்டார். இங்கிருந்து ஏரிக்கு. ஏழு இடங்களில் அதுதான் பக்கத்தில் இருந்தது, ஒரு மத்தியானப் பயணம். குளிர்காலத்தில் அங்கே கூட்டம் இருக்காது. கோட்டின் முனையில் நேரம் ஏதும் எழுதவில்லை. எழுதத்தான் கை போனது, நான் பார்த்தேன். சாக்பீஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"பென்குயினை என்ன பண்றது?" என்று கேட்டேன்.

"அதுவும் வரட்டும். அதுக்கு மட்டும் குளிர்காலத்துல லீவு வேண்டாமா?" என்றார் மாமா.

செவ்வாய்க்கிழமை கிளம்பினார்கள். அக்கா முன் சீட்டில் ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் போகிற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள். தெருமுனை திரும்பும் வரை கை ஆட்டினாள். இத்தனை வருஷத்தில் பகல் வெளிச்சத்தில் அவர்கள் இரண்டு பேரும் ஒன்றாகக் கிளம்பி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

புதன்கிழமை காலை கடையைத் திறந்து தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். மனசு அங்கேயே கிடந்தது. குளிரில் விறைத்துப் போயிருப்பார்களோ, வண்டி எங்காவது நின்றிருக்குமோ. வாடிக்கையாளர் ஒருவர் கார் சீட் அளவு கொடுக்க வந்து உட்கார்ந்திருந்தார். அப்போது போன் அடித்தது. மாமாதான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது.

"என்ன மாமா, ஏன் இப்படிப் பேசுறீங்க? உடம்பு சரியில்லையா?"

"மெதுவாப் பேசு. நான் வெளிய நிக்கிறேன். உங்க அக்கா தூங்குறா."

"இன்னுமா?"

"வழக்கம்போல இருட்டுல டக்குனு எந்திரிச்சு உக்காந்துட்டா. செருப்பைத் தேடுறா. மாவு இல்லம்மா, படுன்னேன். ஒரு நிமிஷம் என்னையே பாத்தா. படுத்தா. அவ்வளவுதான். கதவு வழியா வெயில் வந்து மூஞ்சியில விழுது, அசையலை." மூச்சு மட்டும் கேட்டது. "வெளிச்சத்துல அவ தூங்கி நான் பாத்ததே இல்லை மாப்பிள்ளை."

ஏரி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். இன்னும் திரும்பிப் பார்க்கவில்லை என்றார்.

அப்போது போனில் வேறு குரல்கள் கேட்டன. யாரோ குடும்பமாக நடக்க வந்தவர்கள் போல. ஒரு சின்னப் பிள்ளை உற்சாகமாகக் கத்தியது.

"ஐஸ்கிரீம் வண்டி! மாமா, ஐஸ்கிரீம் இருக்கா?"

"ஷ்ஷ்... கடை திறக்கலைடா கண்ணு," என்று என் மாமா கிசுகிசுத்தார். "முதலாளியம்மா தூங்குறாங்க."

எதிர்ப்பக்கம் சத்தம் அடங்கியது. அந்தப் பிள்ளையும் கிசுகிசுப்பாக 'சரி' என்று சொன்னது எனக்குக் கேட்டது. நானும் மெதுவாகப் போனை வைத்தேன். தையல் மெஷினை ஓட்டக் கால் எழவில்லை.

"என்னப்பா, ஏன் ரகசியமாப் பேசுறே? யாருக்கு என்ன?" என்று வாடிக்கையாளர் பதறிப்போய்க் கேட்டார்.

"ஒண்ணுமில்லை சார்," என்றேன், அப்போதும் குரல் எழும்பவில்லை. "எங்க அக்கா தூங்குது."