ஜக்கூரில் ஸ்டெல்லா தனியாகப் பறந்த சனிக்கிழமை

விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள், அப்படி ஆசைப்படும் ஒருவருக்கு வீட்டுக்காரராக இருப்பவர்கள், இரு தரப்புக்கும் உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டிலிருந்து ஜக்கூர் விமானத் திடல் பதினான்கு கிலோமீட்டர். ஸ்கூட்டரில் அரை மணி நேரம். இதைப் போய்ப் பயணம் என்று சொல்கிறானே என்று நினைக்காதீர்கள். 2007 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை அங்கே நான் பார்த்ததை இமயமலைக்குப் போய் வந்தவர்கள்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆசை முதலில் என்னுடையது. பீன்யாவில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகன் நான். நாற்பது வயது நெருங்கும்போது, இப்போது விட்டால் எப்போது என்று தோன்றியது. பறக்கும் பள்ளியில் விசாரித்தேன். முதலில் மாணவர் உரிமம் வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறியிருந்து பதினாறு வயதும் நிறைந்திருந்தால் போதும், மருத்துவச் சான்றும் வாய்மொழித் தேர்வும் உண்டு என்றார்கள். இவ்வளவுதானா என்று சந்தோஷமாக மருத்துவரிடம் போனேன். துணைக்கு என் மனைவி ஸ்டெல்லாவும் வந்தாள். அவள் காக்ஸ் டவுனிலேயே பிறந்து வளர்ந்தவள், பள்ளியில் கணக்கு டீச்சர்.

உயரம், எடை, ரத்த அழுத்தம் எல்லாம் சரி. கடைசியாக, வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் ஒரு புத்தகத்தை மருத்துவர் விரித்தார்.

"இருபத்தொண்ணு" என்றேன்.

பின்னால் நின்ற ஸ்டெல்லா சிரித்தாள். "வெளையாடாதீங்க. எழுபத்தி நாலுன்னு பளிச்சுனு இருக்கே."

நான் விளையாடவில்லை. அடுத்த பக்கத்தில் எனக்கு எண்ணே தெரியவில்லை. பிறவியிலேயே சிவப்பு பச்சை பிரித்தறியும் திறன் எனக்குக் குறைவாம். முப்பத்தொன்பது வருடம் தெரியாமலே வாழ்ந்திருக்கிறேன். ஓடுபாதை விளக்குகளின் நிறத்தை நம்பித்தான் விமானி இறங்க வேண்டும், அதனால் சான்று தர முடியாது என்று மருத்துவர் மென்மையாகச் சொன்னார். படியிறங்கும்போது ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து, கொடுத்த புகைப்படங்களையும் சான்றிதழ் நகல்களையும் திரும்ப வாங்க ஜக்கூர் போனோம். அறிமுகப் பறப்புக்கு நான் ஏற்கனவே அரை மணி நேரக் கட்டணம் கட்டியிருந்தேன். பயிற்றுநர் கேப்டன் சுஹாஸ், வயது இருபத்தெட்டுதான் இருக்கும், பெங்களூர்க் கன்னடக்காரர். "பணம் வேஸ்ட் ஆகக்கூடாது சார். சும்னே ஒரு ரவுண்ட் வாங்க" என்றார். எனக்கு மனசில்லை. "மேடமைக் கூட்டிட்டுப் போங்க" என்றேன். அது பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள், கோபம்.

முப்பது நிமிடம் கழித்து அவள் இறங்கி வந்தபோது முகமே வேறாக இருந்தது. கேப்டனிடம்தான் பேசினாள். "அந்தத் திருப்பத்துல மூக்கு கீழ போச்சே, அத நீங்க எதால சரி பண்ணீங்க?"

வீடு திரும்பும் வழியில், "நீ கத்துக்கோயேன்" என்றேன்.

"உங்க ஆசைய நான் எடுத்துக்கறதா? வேணாங்க."

"அப்ப அந்தக் கேள்விய ஏன் கேட்ட?"

கடைக்குப் போகணும் என்று பேச்சை மாற்றினாள். ஆனால் அடுத்த வாரமே அவள் மருத்துவச் சான்று வாங்கினாள். போலீஸ் சரிபார்ப்பு முடிய இரண்டு மாதம் ஆனது. அதற்குள் விமானச் சட்டம், வானிலை, வழிகாணல், எந்திர நுட்பம் என்று நான்கு பாடமும் படித்து வாய்மொழித் தேர்வில் தேறினாள். அப்போது எங்களிடம் வாங்கிய கட்டணம் பறக்கும் ஒரு மணி நேரத்துக்கு 5,200 ரூபாய். எனக்கென்று சேர்த்ததும் அவள் டியூஷன் எடுத்துச் சம்பாதித்ததும் அதற்குப் போயின.

இனி அந்தச் சனிக்கிழமை. காலை 5.40க்குக் கிளம்பினோம். ஜெயமஹல், மேக்ரி சர்க்கிள், ஹெப்பாள் மேம்பாலம் தாண்டிப் பெல்லாரி சாலையில் போனால் வலப்பக்கம் திடல் வரும். 6.15க்குச் சேர்ந்தோம். ஒரே பனி. ஓடுபாதையின் மறுமுனை தெரியவே இல்லை. கண்ணால் பார்த்து ஓட்டுகிற விமானங்கள் என்பதால் பனி விலகும்வரை காத்திருக்க வேண்டும். ஜனவரியில் போகிறவர்கள் எட்டு மணிக்குள் பறந்துவிடலாம் என்று நம்பாதீர்கள்.

காத்திருந்த நேரத்தில், உரிம வகைகளைப் பற்றி நீண்ட நாளாகக் கேட்க நினைத்ததைக் கேப்டனிடம் கேட்டேன். மாணவர் உரிமத்தில் பயிற்றுநர் கண்காணிப்பில் மட்டும் பறக்கலாம். அடுத்தது தனியார் உரிமம். அதற்குப் பதினேழு வயது, நாற்பது மணி நேரப் பறப்பு, எழுத்துத் தேர்வு, வானொலியில் பேசுவதற்குத் தனித் தேர்வு. வாங்கிவிட்டால் ஆட்களை ஏற்றலாம், ஆனால் காசு வாங்கக்கூடாது. சம்பளத்துக்கு ஓட்ட வணிக உரிமம். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணக்கும் படித்திருக்க வேண்டும், இருநூறு மணி நேரம் பறந்திருக்க வேண்டும், மருத்துவச் சோதனையும் கடுமை. பெரிய விமானத்தின் தலைமை இருக்கைக்கு ஆயிரத்து ஐந்நூறு மணி நேரம்.

"ஆனா சார், இது எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு சோலோ இருக்கு. தனியாப் போய்த் தனியா எறங்கணும். எவ்ளோ பெரிய கேப்டனா இருந்தாலும் அந்த நாள மறக்க மாட்டாங்க."

"ஸ்டெல்லாவுக்கு எப்போ?"

அவர் சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டார்.

8.20க்குப் பனி கலைந்தது. இருவரும் கிளம்பி மூன்று முறை வட்டமடித்து இறங்கினார்கள். மூன்றாவது முறை விமானம் ஓடுபாதையின் ஓரத்துக்கு வந்து நின்றது. எந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. வலப்பக்கக் கதவு திறந்தது. கேப்டன் இறங்கினார், காலி இருக்கையின் பெல்ட்டைப் பூட்டினார், கதவைச் சாத்தி இரண்டு முறை தட்டிப் பார்த்தார், கையில் சின்ன வானொலியோடு நான் நின்ற புல்வெளிக்கு நடந்து வந்தார்.

"கேப்டன், அவ உள்ள இருக்கா" என்றேன். உளறல்தான்.

"ஆமா சார். ஒரு ரவுண்ட். ஆறு நிமிஷம்."

விமானம் திரும்பியது. கண்ணாடிக்குள் அவள் தலை மட்டும் தெரிந்தது, பக்கத்தில் வெற்றிடம். இரைச்சல் ஏறியது. ஒருவர் எடை குறைந்ததால் வழக்கத்தைவிடச் சீக்கிரமே சக்கரம் தரையை விட்டது. காலையில் எனக்குச் சப்பாத்தி போட்டுக் கொடுத்தவள், எதுவும் தாங்காத காற்றில், யாருடைய கையும் எட்டாத இடத்தில் ஏறிக்கொண்டிருந்தாள். பயம் என்று சொன்னால் பாதிதான் சரி. கோயிலில் திரை விலகும்போது கை தானாகக் குவியுமே, அப்படி ஒன்று.

இடது பக்கம் திரும்பி, தூரத்தில் ஒரு புள்ளியாக எங்களுக்கு இணையாகப் போனாள். வானொலியில் அவள் குரல் வந்தது. வகுப்பில் பாடம் நடத்தும் அதே குரல். மறுபடி திரும்பி ஓடுபாதைக்கு நேராக இறங்கத் தொடங்கினாள். நூறு அடி உயரம் இருக்கும். அப்போது ஓடுபாதை முனையின் புல்லிலிருந்து ஏழெட்டுப் பருந்துகள் ஒன்றாக எழும்பின, நேராக அவள் வரும் வழியில்.

"ஏதாவது சொல்லுங்க கேப்டன்!" என்று கத்தினேன்.

கேப்டன் வானொலியை வாய்க்கருகே கொண்டுபோனார், பேசவில்லை. "பேடா சார், வேணாம். மேடம் பாத்துட்டாங்க. இப்ப நான் பேசினா கொழப்பம்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் எந்திரம் உறுமியது. மூக்கு நிமிர்ந்தது. விமானம் இறங்காமல் பருந்துகளுக்கு மேலாக எங்கள் தலைக்கு நேரே ஏறிப் போனது. வானொலியில் மறுபடி அவள் குரல். இறங்கவில்லை, மீண்டும் சுற்றி வருகிறேன் என்று அலுங்காமல் சொன்னாள். கேப்டன் மூச்சை விட்டார்.

"சோலோவுல இத நான் பாத்ததே இல்ல சார். எறங்கறது சொல்லித் தரலாம். எறங்க வேண்டாம்னு முடிவு பண்றது அவங்களே பண்ணாங்க."

பருந்துகள் விலகியிருந்தன. இரண்டாவது சுற்றில் அவள் இறங்கினாள். சக்கரம் ஒருமுறை துள்ளியது, பிறகு ஒட்டிக்கொண்டது. மொத்தம் பன்னிரண்டு நிமிடம். எந்திரத்தை நிறுத்தி இறங்கியவள் மீது வழக்கப்படி மெக்கானிக் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். ஜனவரிக் குளிரில் சொட்டச் சொட்ட நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள்.

"கோவமாங்க?"

"எதுக்கு?"

"இது உங்களுது."

"இல்ல ஸ்டெல்லா. மேல இருந்தது நீதான்" என்றேன். அதைச் சொன்னபோது எனக்குள் எதுவும் இடறவில்லை. அந்த முதல் நாள் கோபமும் ஒன்பது மாதத்து மெல்லிய பொறாமையும் எப்போது போயின என்று தெரியவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். கட்டணம் கட்டுவதற்கு முன் மருத்துவச் சோதனையை முடியுங்கள், குறிப்பாகக் கண். பிறந்த தேதிச் சான்றிலும் மதிப்பெண் பட்டியலிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கட்டும், ஸ்டெல்லாவுக்கு ஒரு எழுத்து மாறியதால் மூன்று வாரம் போனது. வாரம் ஒரு நாள் மட்டும் போனால் பாதி நேரம் மறந்ததைத் திரும்பக் கற்பதிலேயே போகும், தொடர்ந்து போக முடிந்தால் நல்லது. விதிகளும் கட்டணமும் மாறிக்கொண்டே இருப்பவை, நேரில் கேட்டு உறுதிசெய்யுங்கள். பக்கத்தில் சாப்பாட்டுக் கடை கிடையாது, கையில் கொண்டுபோங்கள். துணைக்குப் போகிறவர்கள் தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள், புல்வெளியில் நிழல் இல்லை.

அதன்பின் பதினைந்து மாதத்தில் ஸ்டெல்லாவுக்குத் தனியார் உரிமம் கிடைத்தது. முதல் பயணியாக என்னை ஏற்றிக்கொண்டாள். பெல்ட்டை இழுத்துப் பார்த்தாள், கதவைத் தட்டிப் பார்த்தாள். இரண்டாயிரம் அடிக்கு மேலே போனதும் ஏரிகள் ஒவ்வொன்றாக வெயிலில் மின்னின. வடக்கே நந்தி மலை ஒரு கல்லைப்போலச் சின்னதாக இருந்தது. காதுக் கருவியில் அவள் குரல் கேட்டது.

"என்னங்க, பேசவே மாட்டேங்கறீங்க?"

அவள் முழங்கை மேல் கையை வைத்தேன்.

"கைய எடுங்க," என்றாள். "திரும்பப் போறேன்."