பட்டு வாஷர்

“...அந்தத் தோலைத் தொட்டுண்டு வர ஜலத்தைப் பெருமாளுக்கு நான் எந்தக் கையால சேர்ப்பேன், நீயே சொல்லு” என்று பெரியம்மா சித்தப்பாவைக் கேட்டாள்.

தெருக் குழாயின் திருகுக்கு அடியில் தோலில் வெட்டிய வாஷர் ஒன்று இருக்கிறது என்று பெருமையாக விளக்கி வைத்தவரே சித்தப்பாதான். ரயில்வே பட்டறை உத்தியோகம் அல்லவா, எதையும் விளக்காமல் இருக்க முடியாது அவரால்.

மைசூரில் எங்கள் அக்ரஹாரத்தின் சரித்திரத்தைக் கேட்டு வருகிறவர்களுக்கு நான் அரண்மனையிலிருந்து ஆரம்பிப்பதில்லை. நல்லியிலிருந்து ஆரம்பிப்பேன். குழாய்க்கு எங்கள் ஊரில் நல்லி என்றுதான் பேர். காலரா வந்த வருஷம் தெருக் கிணற்றைப் பலகை போட்டு மூடிவிட்டு, எங்கள் வீட்டு வாசலுக்கு நேரே இரும்பு நல்லி ஒன்றை நட்டார்கள். தெருவே குடத்தோடு ஓடி வந்தது. பெரியம்மா மட்டும் மூன்று தெரு தள்ளிக் கோயில் கிணற்றுக்கு நடந்தாள். மேல்கோட்டையில் பிறந்தவள், ஆசாரத்தில் அவளை அசைக்க முடியாது. ஏன் நடக்கிறாள் என்பதைப் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே நடந்தாள்.

பெரியம்மா, அவருக்கு மன்னி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருவதைச் சித்தப்பாவால் பார்க்க முடியவில்லை. ஒரு மத்தியானம், தெரு அடங்கிக் கிடந்த நேரம், பட்டறை ஸ்பானரோடு போய் நல்லியைக் கழற்றினார். தோலை எடுத்து வீசினார். பெரியம்மாவின் பழைய மடிப் புடவை ஓரத்தை வட்டமாக மடித்துத் தைத்து உள்ளே வைத்து முடுக்கினார். பட்டுக்குத்தான் தீட்டே கிடையாதே.

“இப்போ பிடிச்சுக்கோங்கோ மன்னி. உங்க மடிப் புடவை வழியாத்தான் வரது.”

பெரியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று சாயங்காலமே குடத்தை எடுத்தாள்.

பட்டு எத்தனை நாள் தாங்கும்? அந்த வாரமே ஒரு காலை நல்லி பிய்த்துக்கொண்டு ஊற்றியது. தெருவெல்லாம் வெள்ளம், எங்களுக்குத் திருவிழா. நகரசபை ஓவர்சியர் ஆளோடு வந்து கழற்றினார். ஊறிப்போன அரக்குப் பட்டு, ஜரிகைக் கரையோடு அவர் உள்ளங்கைக்கு வந்தது. எல்லார் முன்னாலும் புதுத் தோல் ஒன்றைப் போட்டு முடுக்கச் சொன்னார். பிறகு பட்டை விரித்துக் காட்டி, சர்க்கார் சொத்தில் கை வைத்தவன் சர்க்கார் சம்பளம் வாங்குகிறவனாக இருந்தால் வேலை போய்விடும் என்று நிதானமாகக் கன்னடத்தில் சொன்னார்.

“தோல் ஆகாது என்று சொல்கிற வீடு இந்தத் தெருவில் எது?”

எல்லார் கண்களும் எங்கள் வாசலுக்குத் திரும்பின. சித்தப்பா எங்கள் தூணோடு தூணாக நின்றார். கல்யாணமாகி ஆறு மாதம். சித்தி கதவுக்குப் பின்னால் அழ ஆரம்பித்துவிட்டாள்.

பெரியம்மா சொம்போடு படியிறங்கினாள். புதுத் தோல் போட்ட நல்லியைத் தன் கையால் திருகினாள். சொம்பு நிரம்பியது. அண்ணாந்து, தெரு பார்க்க, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள்.

“எங்காத்துல எல்லாரும் இதைத்தான் குடிக்கறோம்” என்றாள் அதே கன்னடத்தில். “தோல் ஆகாதவாளைத் தேடறதுன்னா அடுத்த தெருவுல தேடுங்கோ.”

எதிர்வீட்டு மாமிக்குப் பெரியம்மாவின் தோல் பிரசங்கம் மனப்பாடம். அவள் வானத்தைப் பார்த்தாள். அவள் வீட்டு மாமா, ஆமாம், தினம் இங்கேதானே பிடிக்கிறார்கள் என்றார். இன்னும் இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

எனக்கு ஏழு வயது. நல்ல வெயில், தாகம் தாங்காமல் குடிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். இவ்வளவு தாகத்தை வைத்துக்கொண்டு இத்தனை நாள் கோயில் கிணற்றுக்கு எதற்கு நடந்தாள் என்று அவள்மேல் கோபம்கூட வந்தது.

ஓவர்சியர் பட்டைக் கையில் வைத்துக்கொண்டு பெரியம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா சொம்பை அலம்பினாள். மறுபடி நிறையப் பிடித்து, “வெயில்ல வந்திருக்கேள்” என்று அவரிடம் நீட்டினாள்.