இரண்டு டம்ளர் வெந்நீர்

டெல்லியில் ஜூன் மாதம் துணி உலர்த்துவது ஒரு வேலையே அல்ல. கொடியில் கடைசித் துணிக்குக் கிளிப் மாட்டுவதற்குள் முதல் துணி அப்பளமாகிவிடும். சாரலில் மூன்று நாள் ஈரம் போகாத தென்காசித் துணிகளோடு வளர்ந்த எனக்கு, கல்யாணமாகி வந்த புதிதில் இது பெரிய அதிசயம். துணியை இப்படிக் காய வைக்கிற காற்று மனுஷியை என்ன செய்யும் என்று யோசிக்கிற அறிவு அன்றைக்கே இருந்திருந்தால், ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

பிரசவத்துக்கு அம்மாவால் வர முடியவில்லை, முழங்கால் ஆபரேஷன். பத்தியம் மட்டும் போனில் வந்து சேர்ந்தது. "ஏட்டி, தண்ணிய மடமடன்னு குடிச்சிராத. வயிறு தொப்ப போட்டுரும், பிள்ளைக்குச் சளி புடிச்சிரும். ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளர் வெந்நி போதும்." குற்றால மழைக்கு எழுதிய சட்டத்தை டெல்லி வெயிலில் அமல்படுத்தும் பொறுப்பை, மத்திய அரசு ஊழியரான என் கணவர் ஏற்றுக்கொண்டார். ஆபீஸில் எந்த ஃபைலும் அவ்வளவு வேகமாக நகர்ந்திருக்காது. தண்ணீர் பாட்டில்கள் அன்றே எனக்கு எட்டாமல் ஃபிரிட்ஜுக்கு மேலே போய்விட்டன.

கீழ்வீட்டு ஹரியானா ஆன்ட்டி ஒரு நாள் சொம்பு நிறைய மோர் கொண்டுவந்தார். "பீ லே பேட்டா." குடி மகளே என்கிறார். பத்தியத்துக்கு இந்தியில் என்னவென்று எனக்குத் தெரியாது. கையை ஆட்டி மறுத்தேன். "வ்ரத் ஹை க்யா?" விரதமா என்று கேட்டதும், ஆமாம் என்று தலையாட்டுவது சுலபமாக இருந்தது. பிள்ளைக்காகப் பச்சைத் தண்ணீர்கூடப் படாமல் விரதம் இருக்கும் மதராசி மருமகள் என்று மாலைக்குள் நாலு மாடியிலும் என் புகழ் பரவிவிட்டது. எனக்கும் கொஞ்சம் பெருமைதான், பொய் சொல்வானேன்.

மகள் பிறந்த பத்தாம் நாள் வாக்கில் அவள் துணி நனைப்பது குறைந்தது. சமத்து, அம்மாவுக்கு வேலை வைக்கவில்லை என்று கொஞ்சினேன். பால் போதாமல் அழுது அழுது தூங்கியதைப் பார்த்து, சாதுவான பிள்ளை என்றேன். பதினான்காம் நாள் இடது காதுக்கு முன்னால் கன்னம் புடைத்தது. வீடியோவில் பார்த்த அம்மா, "கன்னம் வச்சிருக்கு, பிள்ள தேறிட்டா" என்றாள். மறுநாள் காலை அந்தக் கன்னம் சிவந்து கொதித்தது. மார்பில் வாய் வைக்கவே மாட்டேன் என்றது குழந்தை. அள்ளிக்கொண்டு ஓடினோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வீக்கத்தை மெல்ல அழுத்த, வாய்க்குள் கன்னத்தின் உட்பக்கம் சீழ் வந்தது. எச்சில் சுரப்பியில் பாக்டீரியாத் தொற்று என்றார். பால் போதாமல் குழந்தை உடம்பில் நீர் வற்றினால் எச்சிலும் வற்றும், வாயில் இருக்கும் கிருமி சுரப்பிக்குள் ஏறிவிடும். ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. ஒரு நாளைக்கு நீ எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாய் என்று என்னைக் கேட்டார். இரண்டு விரலைக் காட்டினேன்.

"தோ லிட்டர்?"

"தோ கிலாஸ்."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. இந்த வெயிலிலா என்று மட்டும் கேட்டார். அதுதான் காரணம் என்று அவர் அடித்துச் சொல்லவில்லை, நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பிஞ்சுக் கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றியபோது, என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆஸ்பத்திரியில் சேர்த்த நான்காம் நாள் வீக்கம் வடிந்து மகள் பால் குடித்தாள். பக்கத்தில் கீழ்வீட்டு ஆன்ட்டி தண்ணீர் ஜக்கோடு காவல். விரதம் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை, ஊற்றி ஊற்றி நீட்டினார். அந்த நேரம் பார்த்து அம்மாவின் போன். "பத்தியம் ஒழுங்கா இருந்ததுனாலதாம்ட்டி பிள்ள பொழச்சுது. தண்ணி குடிக்கலைல்லா?"

"இல்லம்மா, ரெண்டு டம்ளர்தான்" என்றேன்.

தமிழ் புரியாத ஆன்ட்டி நாலாவது டம்ளரை நீட்டினார். போனைக் காதிலிருந்து எடுக்காமல், சத்தம் கேட்காமல் குடித்தேன்.